மணியடித்த சரக்கு

சொன்ன விலைக்கு எதையும் வாங்குகிற பழக்கம் லோத்தார் பியண்டெக்குக்கு இல்லை. ஹெர்னே நகரத் தெருக்களில் நாற்பத்தோரு வருஷம் பழைய இரும்பு எடுத்தவன். செம்புக் கொதிகலன் என்று சொன்னால் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "முலாம்" என்று உதட்டைப் பிதுக்குவான். அது அசல் செம்பு என்று அவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். ஆனாலும் பிதுக்காமல் இருந்தால் தொழிலுக்கு மரியாதை இல்லை.

அவனுடைய புரோஸ்டேட் சுரப்பியில் பிறந்த புற்று எலும்புக்குப் போய்விட்டது. ஊசி, மாத்திரை, கீமோ எல்லாம் முயன்று பார்த்தாகிவிட்டது. இனி லுடீசியம் என்ற கதிர்வீச்சு மருந்துதான், ஆறு வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை ஏற்ற வேண்டும் என்று டாக்டர் தோம்சன் சொன்னபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் மனைவி ரோஸ்வித்தா ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். லோத்தார் தாடையைச் சொறிந்தான்.

"நாலுல முடிச்சுக்கலாமா டாக்டரம்மா?"

"ஆறு, பியண்டெக்."

"மொத்தமா எடுக்கறவனுக்குக் கொஞ்சம் பாத்துச் செய்யக் கூடாதா?"

"நான் காய்கறி விக்கல."

"காய்கறிக்காரங்க குறைப்பாங்க" என்றான் லோத்தார். ஆனால் வெளியே நடைபாதைக்கு வந்ததும் மனைவியிடம், "கறாரான பொம்பள. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான்.

அது கார்த்திகைக் குளிரில். இப்போது மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. இரண்டு தடவை முடிந்திருந்தது. இரண்டாவது, போன வியாழன். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்து, சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளில் அவன் குடித்த தண்ணீர் அத்தனையும் உட்கார்ந்துதான் வெளியேற்ற வேண்டும், நிற்கக் கூடாது என்று ஒரு நர்ஸ் சட்டம் போட்டாள். நாற்பது வருஷமாக ரோஸ்வித்தா சொல்லிக் கேட்காததை நர்ஸ் ஒரே காலையில் சாதித்துவிட்டாள். அங்கே நோயாளிகளின் மூத்திரம் சாக்கடைக்குப் போவதில்லை. அடித்தளத்தில் பெரிய தொட்டிகளில் வாரக்கணக்காகத் தங்கி, வீரியம் தணிந்த பிறகுதான் போகும். "என் மூத்திரத்துக்குத் தனி வீடு. எனக்கு ஒரு குறட்டைக்காரனோட பங்கு ரூம்" என்று வீட்டுக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டான்.

வீட்டிலும் ஒரு வாரத்துக்கு விலகியிருக்க வேண்டும். டாக்டர் சொன்னது இரண்டு மீட்டர். அது முடியாத காரியம், அடுப்படியே இரண்டரை மீட்டர்தான் என்று லோத்தார் ஒன்றரைக்குப் பேரம் பேசிப் பார்த்தான். ரோஸ்வித்தா ஒரு திரைச்சீலைக் கம்பியை இரண்டு மீட்டருக்கு வெட்டிக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்தாள். பேரம் முடிந்தது. இப்போது அவன் ஜன்னலோரம் முக்காலியில். அவள் அடுப்போரம். கம்பி நடுவில்.

"சாப்பிடு" என்றாள். ரொட்டி தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது என்பதால் காலையிலேயே பட்டாணி சூப்.

"அட்டப்பெட்டிய வேகவெச்ச மாதிரி இருக்கு, ரோசி."

"பத்துக் கரண்டி."

"மூணு."

"எட்டு. ஒரு ஊறுகா வெள்ளரிக்கா சேத்துக் கடிச்சுக்கோ."

"அஞ்சு. வெள்ளரிக்கா ரெண்டு."

"சரி, ஆரம்பி."

அவன் கரண்டியை முகர்ந்து பார்த்தான், சாக்கடையில் கிடந்த குழாயை முகர்வது போல. அந்த மருந்துக்கு எச்சில் சுரப்பிமேலும் கொஞ்சம் ஆசை. இரண்டாவதுக்குப் பிறகு லோத்தாரின் வாய் கோடைக் காலத்துக் கூரைத் தகரமாகக் காய்ந்து கிடந்தது.

"இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும்" என்றாள் ரோஸ்வித்தா, முதுகைக் காட்டிக்கொண்டு. முகத்தைக் காட்டினால் அவன் விலை ஏற்றுவான்.

"எதுக்கு?"

"எதுக்கா? மூணாவதுக்கு வர்றியா இல்லையான்னு சொல்ல. மருந்த ஆளுக்குன்னு தனியா, அந்தந்த நாளுக்குத்தான் செய்யறாங்க. டப்பாவுல அடைச்சு வெக்க முடியாது. நீ சொல்லலன்னா பெட் அடுத்தவனுக்குப் போயிடும்."

"நல்லவனா இருந்தாச் சரி."

"லோத்தார்!"

"பின்ன என்ன? அரை மணி நேரம் கையில ஒரு குழாய். வலியில்ல, காய்ச்சல் இல்ல, வாந்தி இல்ல. மருந்துன்னா ஒரு கசப்பாவது இருக்க வேணாமா? முதல் தடவைக்கு முன்னாடி ரத்தத்துல புற்று அளவு எண்பத்து நாலு. அப்புறம் பாத்தா எண்பத்தாறு. ஏறியிருக்கு, ரோசி! உப்புத் தண்ணிய ஊத்திட்டு லுடீசியம்னு பேர் வெச்சிருக்காங்க. எனக்குக் கெடச்சது இந்தக் காஞ்ச வாய் ஒண்ணுதான்."

"ஒரு தடவ பாத்து எதுவும் சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. படம் காட்டினாங்களே, எலும்புல போய் உக்காந்திருக்கறத?"

"படத்துல கரும்புள்ளி வெக்கிறதுக்கு எனக்கே ஆள் தெரியும்."

ரோஸ்வித்தா அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். ஆனால் அவன் அமைதியாகப் பேசினான். பேரத்தில் எழுந்து போகப்போகிற ஆள்தான் அப்படி அமைதியாகப் பேசுவான்.

"வா, வண்டிய எடு. தெருவுக்குப் போலாம்" என்று அவனே பேச்சை முடித்தான்.

லாரி முன்னிருக்கையில் இரண்டு மீட்டர் ஏது? அதனால் ரோஸ்வித்தா லாரி ஓட்டினாள். லோத்தார் அதற்கு முன்னால் பேட்டரி சைக்கிளில் போனான். தூறல் விழுகிறதா நிற்கிறதா என்று அதற்கே தெரியாத வானம். மற்ற இரும்புக்காரர்கள் ஒலிபெருக்கியில் பதிவு செய்த ராகத்தைப் போட்டுக்கொண்டு போவார்கள். லோத்தார் தகரக் குழலை வாயால் ஊதுகிறவன். அந்தச் சத்தம் கேட்டால் மூன்றாம் மாடிக் கிழவிகள்கூடப் பழைய வாணலியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அன்றைக்குக் குழலிலிருந்து வந்தது வாலை மிதிபட்ட பூனையின் சத்தம். பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தான், ஊதினான், மறுபடியும் பூனை.

"என்னய்யா பியண்டெக், குழலுக்கு ஜலதோஷமா?" என்று ஜன்னலிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எனக்கு முதுகு சரியில்ல!" என்று கத்தினான் லோத்தார். நோயைப் பற்றி ஊரில் அவன் சொல்லி வைத்திருந்தது அதுதான். முதுகு. மாதக்கணக்காக முதுகு.

அப்படியும் பதினோரு மணிக்குள் லாரி நிறைந்துவிட்டது. இரண்டு துணி துவைக்கும் இயந்திரம், ஒரு வார்ப்பிரும்புக் குளியல் தொட்டி, ரேடியேட்டர்கள், யாரோ ஒரு புண்ணியவானின் மூன்று சைக்கிள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ரோஸ்வித்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தூக்குவதற்கு வீட்டுக்காரர்களே கை கொடுத்தார்கள். லோத்தார் தள்ளி நின்று எப்படித் தூக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். தூக்குவதைவிட அது அவனுக்கு நன்றாகவே வந்தது.

சரக்கை இறக்குவது கால்வாய்க் கரை இரும்பு யார்டில். நுழைவாயிலில் இருபுறமும் இரண்டு மஞ்சள் கம்பங்கள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. பழைய இரும்போடு கதிர்வீச்சுப் பொருள் ஏதாவது கலந்து வந்து உலையில் உருகிவிட்டால் ஆலையே நாசம் என்பதால், வருகிற லாரியெல்லாம் அவற்றின் நடுவே நத்தை வேகத்தில் போக வேண்டும். லோத்தாருக்குத் தெரிந்து மூன்றே தடவைதான் அது அடித்திருக்கிறது. மூன்றும் வேறு யாரோ கொண்டுவந்த சரக்கு.

லோத்தார் சைக்கிளை லாரிக்குப் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

மணி அடித்தது. மணி என்று சொல்வது மரியாதைக்கு. கப்பல் மூழ்கும்போது ஊதுகிற மாதிரி ஒரு ஊளை, கூடவே சுற்றும் சிவப்பு விளக்கு. எடை மேடைக் குடிசையிலிருந்து வாசல் பொறுப்பாளன் ஜெங்கிஸ், கையில் கடித்த சாண்ட்விச்சோடு ஓடி வந்தான். இருபது வருஷப் பழக்கம். லோத்தாரை அண்ணே என்பான், ரோஸ்வித்தாவை அண்ணி என்பான். இரும்பு விலையில் மட்டும் உறவு பார்க்க மாட்டான்.

"பின்னாடி எடுங்க அண்ணி! பின்னாடி! அண்ணே, என்னத்தக் கொண்டுவந்தீங்க?"

"பாத்ரூம் தொட்டி! குண்டு போட்டுக் குளிக்கிற குடும்பமாடா அது?"

ரோஸ்வித்தா லாரியைப் பின்னால் எடுத்தாள். அப்போதுதான் அவளுக்குச் சட்டென்று விளங்கியது. அவள் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் கொடுத்தது: 'இதை வைத்திருப்பவர் சிகிச்சைக்காகக் கதிர்வீச்சு மருந்து பெற்றவர். சில வாரங்களுக்குச் சோதனைக் கருவிகள் ஒலிக்கக்கூடும்.' விமான நிலையத்துக்கு என்று சொன்னார்கள். பியண்டெக் குடும்பம் எந்தக் காலத்தில் விமானம் ஏறியது? லோத்தார் அதை வாங்கவே மாட்டேன் என்றதால் அவள் பையில் போட்டுக்கொண்டாள்.

கை பைக்குள் போனது. கடிதத்தின் விளிம்பு விரலில் பட்டது.

அவளுடைய அப்பா வான்னே ஊர் வாரச் சந்தையில் உருளைக்கிழங்கு விற்றவர். நல்ல கிழங்கு என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. ஒன்றைப் பாதியாக வெட்டி வாங்க வந்தவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ரோஸ்வித்தா கையை வெளியே எடுத்தாள். பையின் வாயை மூடினாள். வானத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று இருபது.

"லாரி மட்டும் மறுபடி வரட்டும்" என்றான் ஜெங்கிஸ். லாரி மட்டும் போனது. கம்பங்கள் ஊமையாக நின்றன.

"பாத்தியா? உன் கம்பத்துக்குத்தான் கிறுக்கு" என்றபடி லோத்தார் கம்பங்களைத் தாண்டி லாரியிடம் வந்து, வெற்றி பெற்றவனாக அதன் பக்கவாட்டைத் தட்டினான். மூழ்கும் கப்பல் மறுபடி ஊதியது.

ஜெங்கிஸ் சாண்ட்விச்சைச் சட்டைப் பையில் திணித்துவிட்டுக் கைக் கருவியைக் கொண்டுவந்தான். சரக்கு ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கியது. லோத்தார் சும்மா நிற்பவனா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போய் நின்று வக்காலத்து வாங்கினான். "இந்த மெஷின் ஒரு ரிட்டையர்டு டீச்சரோடது" என்று அதன்மேல் கை ஊன்றினான். கருவி படபடவென்று கத்தியது. டீச்சரின் இயந்திரம் தனியாக ஒதுக்கப்பட்டது. குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். தொட்டி கத்தியது. அவன் எழுந்து ரேடியேட்டர் பக்கம் போனதும் தொட்டி அடங்கி ரேடியேட்டர் கத்தியது.

"அண்ணே, எல்லாமே கத்துது!"

"எல்லாத்துலயும் இருக்கா? அடப்பாவிகளா, தெரு முழுக்க என்னய்யா பண்றாங்க வீட்டுக்குள்ள!" லோத்தாரின் முகம் சிவந்துவிட்டது. "நான் பொய் சொல்லுவேன், நீ பொய் சொல்லுவ, உன் எடை மேடை உன்னவிடப் பெருசாப் பொய் சொல்லும். இந்தக் கம்பம் ரெண்டும் பொய் சொல்லி நான் பாத்ததில்ல. இதுல எதோ இருக்கு. கண்டுபிடிக்காம நான் போகமாட்டேன்."

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க, எந்த வீட்ல எடுத்தது?"

"நான் டிரைவர்தான்" என்றாள் ரோஸ்வித்தா. சிரிப்பு வந்துவிடப்போகிறதே என்று கன்னத்தை உள்ளிருந்து கடித்துக்கொண்டாள். பதினொன்று முப்பத்தைந்து.

ஜெங்கிஸ் கருவியை நீட்டியபடி திரும்பினான். அது லோத்தாரின் பெல்ட்டுக்கு நேராக வந்தது. படபடப்பு போய் ஒரே கோடாக ஒரு கூச்சல். ஜெங்கிஸ் பின்வாங்கினான், கூச்சல் தணிந்தது. முன்னால் வந்தான், ஏறியது. இடுப்பு, முதுகுத்தண்டு, தாடை.

"அண்ணே" என்றான் மெதுவாக. "நீங்கதான்."

கால்வாய்ப் பக்கமிருந்து காற்று வந்தது. தூரத்தில் ஒரு கிரேன் பழைய கார் ஒன்றைத் தூக்கிப் போட்ட சத்தம் கேட்டது. லோத்தார் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். பிறகு கம்பங்களை. பிறகு கம்பங்களையே ரொம்ப நேரம்.

"முதுகுன்னீங்களே?" என்றான் ஜெங்கிஸ்.

"முதுகுலயும்தான் இருக்கு." லோத்தார் தொண்டையைச் செருமினான். காய்ந்த வாயில் அந்த வார்த்தை புரள நேரம் எடுத்தது. "புற்று. புரோஸ்டேட்ல ஆரம்பிச்சது. போன வாரம் மருந்து ஏத்தினாங்க. கதிர்வீச்சு மருந்து."

இத்தனை மாதத்தில் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளியே அவன் அதை ஒருவனிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. ஜெங்கிஸ் தொப்பியைக் கழற்றினான். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் ஆகாதே அண்ணி?"

"அவர மடியில தூக்கி வெச்சுக்காத. ஆகாது."

லோத்தார் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. கம்பங்களுக்கு நடுவே தனியாக நடந்து போனான். ஊளை. வெளியே வந்தான். அமைதி. மறுபடி உள்ளே போனான். ஊளை. நல்ல செம்பை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறவனின் முகம் அவனுக்கு வந்திருந்தது, உதட்டுப் பிதுக்கல் மட்டும் இல்லை.

"ரோசி, ஒட்டாத மருந்து ரெண்டு நாள்ல வெளிய போயிடும்னு தானே சொன்னாங்க? அந்த ஆஸ்பத்திரித் தொட்டிக்கு?"

"ஆமா. பெரும்பாலும்."

"இன்னைக்கு ஆறாம் நாள்."

"ஆறாம் நாள்."

"அப்ப இது போகாதது. எதையோ பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது." விரலால் தன் இடுப்பெலும்பைத் தட்டினான். "உப்புத்தண்ணி மணி அடிக்காது, ஜெங்கிஸ்?"

"முப்பதாயிரம் லாரி பாத்துட்டேன் அண்ணே. உப்புத்தண்ணிக்கு அடிச்சதே இல்ல."

லோத்தார் மனைவியைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கினான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் மணிக்கே."

"தொட்டிய இறக்கறப்பவே தெரியுமா?"

"தொட்டிய இறக்கினது நீயா? ஜெங்கிஸ் பாவம்."

"ஏமாத்துக்காரி" என்றான் லோத்தார். அப்படியொரு பாராட்டை அவன் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூடச் சொன்னதில்லை. "மணி என்ன?"

"பதினொண்ணு அம்பது."

அவனே போனை எடுத்தான். இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினான். ரோஸ்வித்தா உதவப் போகவில்லை. இரண்டு மீட்டர். கடைசியில் டாக்டர் தோம்சனின் குரல் கிடைத்தபோது எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"டாக்டரம்மா, உங்க சரக்கு அசல்தான். யார்டு வாசல்ல என்னைப் பிடிச்சிட்டாங்க."

"எந்த யார்டு? உங்கள யார் வேலைக்குப் போகச் சொன்னா?"

"அத விடுங்க. நான் வந்தா மணி அடிக்குது. அப்ப வேலை செய்யுதுதானே?"

"மணி அடிச்சா மருந்து உள்ள இருக்குன்னு அர்த்தம், பியண்டெக். எங்க இருக்குன்னு படம் சொல்லும். வேலை செய்யுதான்னு ரத்தந்தான் சொல்லும். நான் வாக்குக் குடுக்கறதில்ல."

"வாக்கு வேணாம். இவ்வளவு நாளா காலி டப்பாவுக்குப் பேரம் பேசறேனோன்னு நெனச்சேன். டப்பாவுல சரக்கு இருக்கு. அது போதும். மூணாவதுக்கு என் பேரப் போடுங்க."

"போட்டாச்சு. வாய் காயறதுக்கு?"

"காயுது. குழல் ஊத முடியல. அது பெரிய நஷ்டம், அதுக்கு நீங்க ஏதாவது பண்ணியே ஆகணும்."

"வர்ற திங்கக்கிழம வாங்க, பாக்கலாம். தேவைப்பட்டா அடுத்த தடவ அளவையும் யோசிக்கலாம்."

"பாத்தியா, குறைப்பாங்க" என்று லோத்தார் ஜெங்கிஸிடம் கண்ணடித்தான்.

ரோஸ்வித்தா லாரி மறைவுக்குப் போய் மூக்கைச் சிந்தினாள். தூறல் என்று சொல்லிக்கொள்ள வசதியாகத் தூறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது ஜெங்கிஸ் ஒரு பலகையில் படிவம் ஒன்றைச் செருகிக்கொண்டு நின்றான்.

"மன்னிச்சுக்கங்க. மணி அடிச்சா இத எழுதாம கேட்டத் திறக்க முடியாது. பொருளின் வகை?"

"வார்ப்பிரும்பு" என்றான் லோத்தார்.

"'ஆள், மருத்துவக் காரணம்'னு எழுதறேன். அண்ணி, ஆஸ்பத்திரிக் கடிதம் ஏதாவது இருந்தா இதோட சேத்துக் குத்திடுவேன்."

கடிதம் கைப்பையிலிருந்து உடனே வந்தது.

"எடை?"

"தொண்ணூத்தாறு" என்றான் லோத்தார்.

ஜெங்கிஸ் எடை மேடையைக் கை காட்டினான். லோத்தார் ஏறி நின்றான். லாரிகளுக்கான தராசு, இருபது இருபது கிலோவாகத்தான் சொல்லும். எண்பது என்றது. ஜெங்கிஸ் எழுதாமல் பேனாவைத் தூக்கிப் பிடித்தான்.

"உன் எடை மேடை பொய் சொல்லும்னு அப்பவே சொன்னேன்" என்றான் லோத்தார், இறங்கிக்கொண்டே.

"தொண்ணூத்தாறுன்னு எழுதிக்கோ" என்றாள் ரோஸ்வித்தா. "மிச்சத்த நான் சூப்பு ஊத்தி ஏத்திடறேன்."

ஜெங்கிஸ் அப்படியே எழுதினான். இருபது வருஷத்தில் அவன் விட்டுக்கொடுத்த முதல் கிலோ அது. பிறகு பலகையை அவளிடம் நீட்டினான்.

"கடைசி வரி, அண்ணி. 'மேற்படி பொருளை முழுப் பொறுப்புடன் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.' இங்க கையெழுத்து."

"நல்லா யோசிச்சுப் போடு ரோசி" என்றான் லோத்தார். "அப்புறம் எந்த யார்டுலயும் எடுத்துக்க மாட்டாங்க."

அவள் படிவத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள், பொடி எழுத்து உட்பட. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பலகையை லாரி முகப்பின் மேல் வைத்து முழுப்பெயரையும் எழுதினாள். ஜெங்கிஸ் அடித்தாளைக் கிழித்துக் கொடுக்க, நான்காக மடித்துக் கைப்பையில், கடிதம் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு நகல் இல்லையா?" என்று கேட்டான் லோத்தார்.

"பொருளுக்கு நகல் குடுக்கறதில்ல அண்ணே" என்றான் ஜெங்கிஸ்.